கல்நாரும் பதிவேடும்



நினைவுச் சொற்பொழிவில் கப்பல் கட்டும் தளத்தைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் புருவம் உயர்த்தினார்கள். உழைப்பவரின் உடலைப் பேசாத இலக்கியத்தை நம் மன்றம் பெரிதாக மதித்ததில்லை. எனவே நேராகவே விஷயத்துக்கு வருகிறோம்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 2,710 லிபர்ட்டி சரக்குக் கப்பல்களைக் கட்டியது. கலிபோர்னியாவின் ரிச்மண்டில் இருந்த கைசர் தளங்கள் மட்டும் 747 கப்பல்களைக் கட்டின. 1942 நவம்பரில் அங்கே ஒரு கப்பலை ஐந்து நாளுக்குள் கட்டி நீரில் இறக்கினார்கள். வரலாறு இந்த வேகத்தைத்தான் கொண்டாடுகிறது. அந்த வேகத்தில் கிளம்பிய தூசியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

நீராவிக் கப்பலில் கொதிகலனுக்கும் குழாய்களுக்கும் வெப்பக்காப்பு வேண்டும். அதற்குக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், பயன்பட்டது. அதைச் சேறுபோலக் குழைத்துக் குழாயில் பூசினார்கள், பாளங்களை ரம்பத்தால் அறுத்தார்கள், போர்வைகளாகத் தைத்தார்கள். கடற்படை பெரிதும் பயன்படுத்திய அமோசைட் வகை தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்து வந்தது. அங்கே அதைத் தோண்டியவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூடிய கப்பலறைக்குள் ஒருவர் கல்நாரை அறுத்தால், பக்கத்தில் வெல்டிங் செய்பவரும் கூட்டிப் பெருக்குபவரும் அதே காற்றைத்தான் மூச்சாக இழுத்தார்கள். வேலை உடுப்பைத் துவைத்த வீட்டுப் பெண்களும் தப்பவில்லை.

ஆபத்து அப்போது தெரியாது என்பார்கள். பிரிட்டனில் 1930இலேயே அரசு ஆய்வு வந்து, 1931இல் தொழிற்சாலைகளுக்குத் தூசிக் கட்டுப்பாட்டு விதிகளும் வந்துவிட்டன. அமெரிக்கக் கடற்படைக்கான தளங்களில் குழாய் உறையிடுவோர் 1,074 பேரைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 1946இல் வெளியானது. நுரையீரல் தழும்பேறும் ஆஸ்பெஸ்டோசிஸ் நோய் மூவருக்கு மட்டுமே இருந்ததால், இது ஆபத்தான தொழில் அல்ல என்று அது முடிவு சொன்னது. அந்த மூவருமே 20 ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலையில் இருந்தவர்கள். பரிசோதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பத்து ஆண்டுகூட வேலை செய்யாதவர்கள். கல்நார் தரும் புற்றுநோய் வெளிப்பட இருபது, நாற்பது ஆண்டுகள் ஆகும். நாற்று நட்ட மறுநாளே வயலுக்குப் போய்க் கதிர் இல்லை என்று எழுதிய கணக்கு அது. ஆனால் அந்த முடிவு பல ஆண்டுகள் நிறுவனங்களுக்குக் கேடயமாக நின்றது.

1964இல் மருத்துவர் இர்விங் செலிகாஃப் குழு அதை உடைத்தது. அவர்களுக்குக் கைகொடுத்தது தொழிற்சங்கப் பதிவேடு. 1942 இறுதியில் நியூயார்க், நியூ ஜெர்சி வெப்பக்காப்புத் தொழிலாளர் சங்கத்தில் இருந்த 632 பேரை ஒருவர் விடாமல் தேடினார்கள். நுரையீரலிலும் அதன் உறையிலும் வந்த புற்றுநோயால் ஆறேழு பேர் இறந்திருக்கலாம் என்று எதிர்பார்த்த இடத்தில் 45 பேர் இறந்திருந்தார்கள்.

இங்கேதான் நாம் நிற்க வேண்டும். பெயர் பதிவேட்டில் இருந்ததால்தான் அந்தச் சாவுகள் எண்ணப்பட்டன. பெயர் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள்? தளங்களில் வலுவாக இருந்த பாய்லர்மேக்கர்ஸ் சங்கம் கறுப்பினத் தொழிலாளரைச் சம உறுப்பினராகச் சேர்க்காமல், தனித் துணைக் கிளைகளில் ஒதுக்கியது. சந்தா வாங்கியது, வாக்குரிமை தரவில்லை. சாசலிட்டோவின் மாரின்ஷிப் தளத்தில் ஜோசப் ஜேம்ஸ் தலைமையில் தொழிலாளர்கள் வழக்காடி 1944இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். அடுத்த ஆண்டு போர் முடிந்தது, வேலைகளும் போயின. சிதறிப்போனவர்களைத் தேடிப்போக யாரிடம் என்ன பட்டியல் இருந்திருக்கும்?

நமக்கு இது புதிதல்ல. பம்பாய் ஆலைகளில் அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்த வேண்டும் என்பதைக் காரணம் காட்டி, கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோரை விடவில்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது, இதையும் கோரிக்கையில் சேருங்கள் என்று அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களிடம் வாதாடினார். நிறமும் சாதியும் ஒன்றே என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் சங்கத்தின் வாசலில் நிறுத்தப்படுவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

பழைய கப்பல்கள் உடைபட இன்று குஜராத்தின் அலங் கடற்கரைக்கு வருகின்றன. கல்நாரும் கூடவே வருகிறது. உடைப்பவர்கள் வெளிமாநிலத் தொழிலாளர்கள். கல்நார்த் தொழிலில் ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவையும் குறைந்தது 40 ஆண்டுகள் காக்க வேண்டும் என்று 1995இலேயே நம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஒப்பந்தக்காரரின் நோட்டில் பெயரே ஏறாதவருக்கு எந்தப் பதிவைக் காப்பார்கள்?

ஆய்வுப் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் கூரைத் தகடு ஆலையிலோ கப்பல் உடைக்கும் இடத்திலோ வேலை செய்து திரும்பியவர்கள் இருப்பார்கள். எந்த ஆண்டு, எந்த வேலை, எந்த ஒப்பந்தக்காரர் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இருமல் இருக்கிறதா என்பதை அதற்குப் பிறகு கேட்கலாம்.