ஒரே ஓட்டுநர், இரு நாட்டுச் சாலைகள்

(சாலைப் பாதுகாப்பு குறித்து மாணவர்கள், அலுவலர்கள் முன்னிலையில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)

கேரள மாநிலத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர் குளத்தூர். 1956 நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லைக் கோடு மக்களின் போக்குவரத்தைத் தடுக்கவில்லை. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இவ்வட்டாரத்தினர் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே நாள்தோறும் வந்து செல்கின்றனர். முன்பு 47 என்னும் எண்ணும் இப்போது 66 என்னும் எண்ணும் கொண்ட தேசிய நெடுஞ்சாலையே இதற்குப் பெருவழியாகும்.

இவ்வட்டாரத்திற்கு மற்றொரு தொலைவழியும் உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றோர் பலர். அவர்களுள் ஓட்டுநர் தொழில் செய்வோரும் உளர். இவர்களுடைய அனுபவம் சாலைப் பாதுகாப்பை ஆராய்வோருக்கு ஓர் அரிய பாடமாகும். துபாயில் சிவப்பு விளக்கின் முன் தவறாது நிற்பவர், விடுமுறையில் ஊர் திரும்பியதும் அதே கட்டுப்பாட்டுடன் ஓட்டுவது அரிதாக இருக்கிறது. மனிதர் ஒருவரே, நடத்தை மட்டும் இரண்டு. இதற்குக் காரணம் யாது?

விதிகளில் உள்ள வேற்றுமை

சட்டத்தின் சொற்களை மட்டும் நோக்கினால் வேற்றுமை மிகுதியன்று. இந்தியாவில் வாகனங்கள் சாலையின் இடப்புறம் செல்கின்றன. அமீரகத்தில் வலப்புறம் செல்கின்றன. மது அருந்தி ஓட்டுதல் இரு நாடுகளிலும் குற்றமே. அமீரகத்தில் ஒரு துளிக்கும் இடமில்லை; இந்தியாவில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்ககால் என்பது வரம்பு. பின்னிருக்கையில் அமர்வோரும் இருக்கைப் பட்டை அணிய வேண்டும் என்னும் விதி அமீரகத்தில் 2017 சூலையில்தான் அனைவருக்கும் கட்டாயமாயிற்று. இந்திய விதிகளில் அது அதற்கு முன்பே இடம் பெற்றிருந்தது. ஆகவே, நம் நாட்டில் சட்டம் இல்லை எனக் கூறுவது பொருந்தாது.

தண்டனையும் இங்குக் குறைவன்று. 1939ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. குடித்துவிட்டு ஓட்டுவோருக்கு முதன்முறையிலேயே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வயது நிரம்பாத சிறுவன் வாகனம் ஓட்டிக் குற்றம் புரிந்தால், அவனுடைய பெற்றோர் அல்லது வாகன உரிமையாளர் 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் ஏற்க நேரிடும்.

உறுதியே காவல்

வேறுபாடு தண்டனையின் கடுமையில் இல்லை; அது தவறாது வந்து சேரும் என்னும் உறுதியில் உள்ளது. அமீரகத்தில் அபராதத்துடன் கருப்புப் புள்ளிகளும் ஓட்டுநரின் பெயரில் ஏறுகின்றன. 2017இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, சிவப்பு விளக்கை மீறிய காருக்கு 1,000 திர்ஹம் அபராதம்; ஓட்டுநருக்கு 12 புள்ளிகள்; வாகனம் 30 நாள் முடக்கம். புள்ளிகள் 24ஐ எட்டினால் உரிமம் நிறுத்தி வைக்கப்படும். அபராதத்தைச் செலுத்தாமல் வாகனப் பதிவைப் புதுப்பிக்க இயலாது. உரிமத்தையே நம்பிப் பிழைக்கும் ஓட்டுநருக்கு இது வயிற்றுப்பாட்டுக் கணக்காகி விடுகிறது. துபாயில் 2007இல் ஒரு இலட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 22 ஆக இருந்த சாலை மரணங்கள், 2023இல் இரண்டிற்கும் கீழே குறைந்தன. சட்டம், கேமரா, சாலை அமைப்பு, ஓட்டுநர் தேர்வு ஆகிய யாவும் ஒருசேர இயங்கியதன் விளைவு இது.

இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இது ஒரு இலட்சத்திற்கு ஏறத்தாழ 12 ஆகும். அதே ஆண்டில் கேரளத்தில் மாண்டோர் 4,317 பேர். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இதுவும் ஏறத்தாழ அதே விகிதமே. எழுத்தறிவில் முன்னணியில் நிற்கும் மாநிலமும் இதில் நாட்டின் சராசரியிலேயே நிற்கிறது என்பது சிந்தனைக்குரியது. விதியை அறிந்திருத்தல் வேறு. அதனைக் கடைப்பிடிக்கும் சூழல் அமைதல் வேறு.

அச்சூழலை உருவாக்கும் முயற்சியாக 2023 சூனில் கேரளம் 726 கேமராக்களை இயங்கச் செய்தது. அவ்வாண்டில் மரணங்கள் 4,080 ஆகக் குறைந்தன. எனினும் விபத்துகள் 43,910இலிருந்து 48,091 ஆக உயர்ந்தன. தலைக்கவசமும் இருக்கைப் பட்டையும் உயிரைக் காக்கலாம். மோதலைத் தடுப்பதற்கு அவை மட்டும் போதா.

ஒப்பீட்டின் எல்லை

அமீரகத்தின் முறையை அப்படியே இங்குப் பெயர்த்து நடுவதும் தவறாகும். அங்கு விரைவுச் சாலைகள் பெரும்பாலும் காருக்கென அமைந்தவை. இங்குச் சாலை என்பது சந்தையும் பேருந்து நிறுத்தமும் பள்ளிப் பிள்ளைகளின் நடைவழியும் ஆகும். 2022இல் நாட்டில் மாண்டோருள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றோர், 19.5 விழுக்காட்டினர் பாதசாரிகள். இவர்களுள் பலர் எவ்விதியையும் மீறாதவர்களாகவே இருந்திருப்பர். நடப்பதற்கு இடமில்லாத சாலையில் நடந்தவரிடம் அபராதம் கேட்பதில் நியாயமில்லை.

நல்ல சாலை மட்டும் பாதுகாப்பைத் தந்துவிடாது. கழக்கூட்டத்திலிருந்து எல்லையோரக் காரோடு வரை அமைந்துள்ள நான்கு வழிப் புறவழிச்சாலை பயண நேரத்தைக் குறைக்கிறது; உடன் வேகத்தையும் கூட்டுகிறது. 2022இல் நாட்டில் நேர்ந்த சாலை மரணங்களில் 70 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை மிகை வேகத்தோடு தொடர்புடையவை என அரசின் கணக்குக் காட்டுகிறது. ஆதலின் பெருஞ்சாலை அமையும்போதே நடைபாதை, கடக்கும் வழி, இணைப்புச் சாலைகளில் வேகத்தடை, விளக்கு ஆகியவையும் அமைதல் வேண்டும். அவற்றை மிகைச் செலவாகக் கருதாது, சாலையின் உறுப்புகளாகவே கருத வேண்டும்.

விபத்துக்குப் பிந்திய நேரம்

எல்லையின் இருபுறத்தையும் ஒப்பிட்டால் மற்றோர் உண்மை புலப்படும். 2022இல் கேரளத்தில் நூறு விபத்துகளுக்கு மரணங்கள் ஏறத்தாழ 10. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 28. இந்தியா முழுமைக்கும் 36க்கு மேல். சிறு விபத்துகளையும் விடாது பதிவு செய்தல் இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணமாகலாம். மருத்துவமனை அண்மையில் இருத்தலும் காயமுற்றோரை விரைந்து சேர்த்தலும் மற்றொரு காரணமாகலாம். தமிழ்நாடு 2021 திசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை ஏற்கிறது. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டம், நாடு முழுவதும் ஏழு நாள் வரை ஒன்றரை இலட்சம் ரூபாய் அளவுக்குக் கட்டணமற்ற சிகிச்சைக்கு வழி செய்கிறது. விபத்து எல்லையின் எப்புறம் நேர்ந்தாலும் உதவி பெறலாம் என்பதைக் குளத்தூர், பாறசாலை மக்கள் அறிந்திருத்தல் நலம்.

காயமுற்றவரைத் தூக்கிச் செல்லும் வழிப்போக்கர் காவல் நிலையத்திற்கு அலைய வேண்டியிருக்கும் என அஞ்சிய காலம் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2016இல் அவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைச் சட்டத்திலேயே சேர்த்தது. இதனை ஊர் அறியச் செய்வது ஊராட்சிகளும் பள்ளிகளும் எளிதில் ஆற்றக்கூடிய பணியாகும்.

முடிவு

நம்மவர் கட்டுப்பாடு அற்றவர் என்னும் பேச்சு, வளைகுடாவில் ஓட்டும் ஓட்டுநரைக் கண்டபின் நில்லாது. அங்கே அவர் பிறவிக் குணம் மாறியவர் அல்லர். மாறியது அவரைச் சூழ்ந்த ஏற்பாடே. விதி மீறினால் தண்டனை தவறாது வரும் என்னும் உறுதி, நடப்போருக்கும் இடமளிக்கும் சாலை, காயமுற்றோருக்கு உடனடி மருத்துவம் ஆகிய மூன்றையும் ஒருசேர அமைத்தல் அரசின் கடமை. அமைந்ததைப் பேணுதல் மக்களின் கடமை. இரண்டும் கூடினால், அந்நிய மண்ணில் பழகிய ஒழுங்கைச் சொந்த ஊர்ச் சாலையிலும் அவர் கடைப்பிடிப்பார். அவ்வழியே பள்ளிக்கு நடக்கும் பிள்ளையும் பத்திரமாக வீடு திரும்பும்.