கம்பியின் வழியும் செய்தியின் வழியும்

சீபீல்டு தோட்ட நிலத்தில்தான் 1970-களில் சுபாங் ஜெயா எழுந்தது. இன்று அங்குள்ள அலுவலகங்களில் கணினிகளை இணைப்பது நம் பிள்ளைகளுக்கும் ஏற்ற தொழில். அதில் முதற்பாடம் ஒன்றுண்டு: கம்பியின் வழி வேறு, செய்தியின் வழி வேறு.

ஆதியில் ஒரே நீளக் கம்பியில் கணினிகளைக் கோத்தார்கள். கம்பி அறுந்தால் எல்லாம் நின்றுவிடும். 1990-இல் ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி இழுத்து, நடுவே 'ஹப்' என்னும் பெட்டியில் சேர்க்கும் முறை ஈதர்நெட் தரமாயிற்று. கம்பிகள் நட்சத்திரம்போல் விரிந்தன. செய்தியோ பழையபடி எல்லாருக்கும் போயிற்று. பெரட்டில் கிராணியார் பெயர் கூப்பிட்டால் எல்லாருக்கும் கேட்கும். உரியவர் மட்டுமே பதில் சொல்வார். அதுபோலத்தான்.

பின்னர் 'சுவிட்ச்' பெட்டி வந்தது. கம்பி மாறவில்லை. ஆனால் செய்தி, வீடு பார்த்துக் கொடுக்கும் கடிதம்போல் உரிய கணினிக்கே போய்ச் சேர்ந்தது.

ஆகவே, பழுது வந்தால் உடனே புதுக்கம்பி வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். ஒரு கணினி மட்டும் நின்றால் முதலில் அதன் கம்பியைப் பார்ப்போம். எல்லாம் நின்றால் பெட்டியைப் பார்ப்போம். கம்பி சரியாக இருந்தும் வேலை தாமதமானால், செய்தி போகும் வழியை ஆராய்வோம். இரண்டையும் பிரித்தறிந்தவரே தொழில் தெரிந்தவர்.