பால்பல்தானே என்று விடலாமா?

 

பிள்ளைக்குச் சொத்தை என்றால், "பால்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்கிறோம். முன்பல் 6, 7 வயதில் விழும், சரி. கடைவாய்ப் பால்பல் 10, 12 வயது வரை இருந்தாக வேண்டுமே! அடியில் வளரும் நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அதுதான்.

சொத்தை கருப்பாகத்தான் தொடங்கும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் வருவது சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டு. மேலுதட்டைத் தூக்கி ஈறோரம் பாருங்கள். அந்தக் கட்டத்தில் ஃபுளோரைடு பூச்சும் இனிப்புக் குறைப்புமே பெரும்பாலும் போதும். குழி விழுந்தாலும் உடனே பிடுங்க வேண்டியதில்லை. சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தடவினால் பெரும்பாலும் சொத்தை அங்கேயே நின்றுவிடும். ஊசி இல்லை, துளையிடுவதில்லை. அந்த இடம் கருத்துப்போகும், அவ்வளவுதான். 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கன்னம் வீங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்துக்கு ஓடும் நிலை ஏன் வர வேண்டும்?

வியாபாரிகளே, சில்லறை இல்லையென்று மிட்டாயை நீட்டுவது யார்? நாம்தானே!

மிஸ்வாக்கின் அருமை அறிந்த நாம், பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததுமே துலக்கிவிட வேண்டாமா? ஃபுளோரைடு பேஸ்ட் 3 வயது வரை அரிசியளவு, பிறகு பட்டாணியளவு. இரவு துலக்கியபின் புட்டிப்பால் கூடாது.

2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில், அரசுப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு பல்லையும் பார்க்க வேண்டும். இளைஞர்களே, குழு வரும் நாளைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வையுங்கள். அன்று எஸ்டேட் பிள்ளைகள் ஒருவரும் விடுபடாமல் பள்ளிக்கு வரட்டும்.