நிறுவுவோம், கவனிப்போம், எழுதுவோம்
(ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் ஆற்றிய உரை)



கணினி ஆய்வகத்தில் நாம் அடிக்கடி கேட்கும் சொல், “சார், இது வேலை செய்யல” என்பது. அதோடு அந்தக் கணினிக்கு உறை போட்டுவிடுகிறோம். மூன்று பிள்ளைகள் அமர்ந்த அடுத்த கணினியில் நான்கு பேர் அமர்கிறார்கள். பழுதுபார்க்க வருபவருக்கு அந்த ஒரு வரியால் எந்தப் பயனும் இல்லை. பயன்படும்படி எழுதுவது எப்படி என்பதைக் கட்டற்ற மென்பொருள் திட்டங்களிடமிருந்து கற்கலாம்.

இயன் மர்டாக் 1993இல் தொடங்கிய டெபியன், பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இயங்குதளம். நமக்குத் தெரிந்த பாஸ் லினக்ஸை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டே உருவாக்கியது. டெபியனில் பிழையை மின்னஞ்சலில் தெரிவிக்கலாம். ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண் உண்டு. அதுபற்றிய கடிதங்கள் எல்லாம் அந்த எண்ணின்கீழ் சேரும்.

இயங்குதளத்தை நிறுவிப் பார்த்தவர்களுக்குத் தனிப் படிவம் இருக்கிறது. கணினியின் வகை, நினைவக அளவு, எந்தப் பதிப்பு, எந்த நாள் என்பவற்றை முதலில் கேட்கிறது. பிறகு தொடக்கம், வலையமைப்பு, வட்டைப் பிரித்தல் எனப் படிப்படியாகக் கேட்கிறது. சரியாக நடந்தால் ஒரு குறி, பிழை வந்தால் வேறு குறி, செய்து பார்க்காவிட்டால் வெற்றிடம். நம் மதிப்பெண் பதிவேட்டிலும் தேர்வுக்கு வராதவருக்குச் சுழியம் போடுவதில்லையே! எல்லாம் நன்றாக நடந்தாலும் அறிக்கை அனுப்பச் சொல்கிறார்கள். எந்தக் கணினியில் ஒத்துப்போகிறது என்பதும் அவர்களுக்குத் தேவையான செய்திதான்.

இதைப் பள்ளியில் செய்ய ஒரு பழைய கணினி போதும். தலைமையாசிரியரின் அனுமதி பெறுங்கள். அதிலுள்ள கோப்புகளை முதலில் வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். மாணவர்களை மூவர் மூவராகப் பிரியுங்கள். ஒருவர் நிறுவட்டும், ஒருவர் திரையில் வருவதை அப்படியே எழுதட்டும், மூன்றாமவர் அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு அதே பிழையை மீண்டும் வரவழைக்கட்டும். அவரால் முடிந்தால் அறிக்கை தேறிவிட்டது. முடியாவிட்டால் எந்தப் படி விடுபட்டது என்று தேடட்டும்.

எழுத வேண்டியவை மூன்று: என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது. ஓர் அறிக்கையில் ஒரு பிழை மட்டும். அனுப்புமுன், அதே பிழையை வேறு யாராவது தெரிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள். முதலில் தமிழில் எழுதட்டும். ஆங்கில ஆசிரியரின் துணையுடன் மொழிபெயர்க்கட்டும். இரண்டு பாடங்களுக்கும் இது நல்ல பயிற்சி.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். டெபியனுக்கு அனுப்பும் அறிக்கையையும், அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரியையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆகவே ஆசிரியரே அனுப்ப வேண்டும். பிள்ளைகளின் பெயர், படம், எமிஸ் எண் எதுவும் அதில் இடம்பெறக் கூடாது.

அறிவியல் செய்முறை ஏட்டில் நாம் கேட்பதும் இதே ஒழுங்குதான். அந்த ஏட்டை நாம் மட்டும் படித்துக் கையொப்பமிடுகிறோம். இந்த அறிக்கையையோ முகம் தெரியாத ஒருவர் படித்து, பிழையைத் திருத்தக்கூடும். தான் எழுதியது ஒருவருக்குப் பயன்படும் என்று தெரிந்த பிள்ளை, “வேலை செய்யல” என்று சொல்லிவிட்டு எழுந்து போகாது.