பாலும் பூதமும்



ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பொழிகிற இந்தத் தைப்பிங்கில், மாலை மழை எத்தனை மணிக்கு இறங்கும் என்று பந்தயம் கட்டுவதையே பொழுதுபோக்காக வைத்திருந்த இந்த ஊரில், இத்தனை பேரைத் திரட்டுவதே ஓர் அதிசயம். அதை நிகழ்த்திவிட்ட அன்பர்கள், இன்னும் சில அதிசயங்களைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். தனியொருவன் இருட்டிலே பேயைக் கண்டேன் என்றால், உடம்புக்குச் சுகமில்லையா என்று கேட்டு வேப்பிலை அடித்து அனுப்பிவிடுகிறோம். ஊரே திரண்டு வந்து கண்டோம் என்று சொல்லும்போது, அத்தனை பேரையும் பொய்யர் என்று சொல்ல எவருக்கு நா எழும்? எனக்கு எழாது. அவர்கள் கண்டதை நான் ஒப்புக்கொள்கிறேன். கண்டதற்கு அவர்கள் கற்பித்த காரணத்தை மட்டும் சற்றே விசாரிக்க விரும்புகிறேன்.

1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. விடியுமுன் டெல்லியில் ஒரு கோயிலில், கரண்டியில் ஏந்திய பாலைப் பிள்ளையார் விக்கிரகம் உறிஞ்சிக்கொண்டது என்று ஒரு செய்தி புறப்பட்டது. கைப்பேசி கைக்குக் கை வந்திராத அந்நாளில், வீட்டுத் தொலைபேசியையும் தொலைக்காட்சியையும் மட்டும் நம்பிப் புறப்பட்ட அந்தச் செய்தி, பொழுது சாய்வதற்குள் இந்தியாவெங்கும் பரவி, கடல் கடந்து லண்டன் சவுத்ஹால் கோயிலிலே வரிசை பிடிக்கவைத்து, நம் நாட்டுப் பிள்ளையார் சந்நிதிகளையும் எட்டிவிட்டது. அன்று மாலை பால் செம்போடு நின்றவர்களில் நானும் ஒருவன். என் தாயாரை அழைத்துக்கொண்டு போயிருந்தேன்.

தாயார் ஆயுளில் பெரும்பகுதியை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக் கழித்தவர். அவர் முறை வந்தது. கரண்டியைத் துதிக்கையின் ஓரத்தில் பொருத்தினார். பால் மெல்ல மெல்லக் குறைந்தது. சுற்றிலும் 'விநாயகா' என்ற முழக்கம். தாயார் மட்டும் துதிக்கையின் அடிப்புறத்தை உற்றுப் பார்த்துவிட்டு என் காதருகே சொன்னார்: "ஏம்பா, மழ பேஞ்ச மரத்துல பால் எறங்குற மாதிரியில்ல இருக்கு?"

பால்மரம் வெட்டியவர்கள் இந்த அவையிலும் இருக்கிறீர்கள். உங்களுக்கு விளக்கம் வேண்டாம். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டை உலர்ந்திருக்கும் நாளில் பால் வெட்டின கோட்டைப் பிடித்துக்கொண்டே ஒழுகி, தகரத்தின் வழியாக மங்கு என்கிற கிண்ணத்தில் சொட்டும். பட்டை நனைந்துவிட்டால் கோட்டை மீறி மரத்தின் மேலெல்லாம் மெல்லிய ஏடாகப் பரவி இறங்கிவிடும்; மங்கு வெறுமையாய்க் கிடக்கும், அன்றைய கூலியும் அப்படியே. அபிஷேகத்தில் நனைந்த கல்லும் மழையில் நனைந்த பட்டையும் இவ்விஷயத்தில் ஒரு சாதி. கரண்டி விளிம்பில் திரண்டு நிற்கும் பாலை ஈரக்கல் தொட்டதும், திரவத்தின் மேற்பரப்பிலே உள்ள பரப்பு இழுவிசை அதனை வெளியே இழுக்கிறது. இழுபட்ட பால் கண்ணுக்குத் தெரியாத ஏடாகக் கல்லின்மேல் வழிந்து பீடத்தை அடைகிறது. இந்திய அரசின் விஞ்ஞானிகள் டெல்லியிலே பாலில் வண்ணம் கலந்து ஊட்டிப் பார்த்தார்கள்; வண்ணம் விக்கிரகத்தின் மேனியிலே வழிந்த வழியைக் காட்டிக் கொடுத்துவிட்டது. வண்ணமில்லாமலே என் தாயார் கண்டுகொண்டார் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மன்னியுங்கள்.

அப்படியானால் அதற்கு முந்தைய புதன்கிழமை ஏன் பிள்ளையார் பால் குடிக்கவில்லை என்று கேட்பீர்கள். புதனன்றும் குடித்திருப்பார். நாம்தான் ஊட்டவில்லை. அபிஷேகமென்று குடங்குடமாகத் தலையிலே கொட்டும் வழக்கமுடைய நாம், கரண்டி விளிம்பைத் துதிக்கையிலே பொருத்திப் பொறுமையாகக் காத்திருந்ததில்லை. என்றைக்கும் நடக்கக்கூடிய ஒன்றைச் செய்துபார்க்கும் முறையையே அந்த வதந்தி சுமந்து சென்றது; சென்ற இடமெல்லாம் எவர் செய்தாலும் பலித்தது; பலித்ததைக் கண்ணாரக் கண்டவர் அடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்தார். 2006 ஆகஸ்டில் இந்தியாவில் மறுபடியும் அதே செய்தி கிளம்பியபோது மறுபடியும் பலித்தது.

தாயார் தாம் கண்டுகொண்ட பிறகும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. மீதிப் பாலையும் ஊட்டிவிட்டுத்தான் வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பாலின் கதை எளிது. பூதத்தின் கதை அத்தனை எளிதன்று. 1978-ல் சிலாங்கூர், சுங்கைவே மின்னணுத் தொழிற்சாலையொன்றில், நுண்ணோக்கிகளின் முன் அமர்ந்து வேலைசெய்த பெண்கள் நூற்றிருபது பேர் அளவில் ஒருவர் பின் ஒருவராக அலறி விழுந்தார்கள். ஆலையை மூன்று நாள் மூடினார்கள். போமோ என்கிற மலாய் மந்திரவாதியை வரவழைத்து, வளாகத்திலேயே ஆட்டை வெட்டிப் பலிகொடுத்தார்கள். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்குப் பூதக்கண்ணாடி என்று பெயரிட்ட தமிழனைப் பரிகாசம் செய்கிறவர்கள் உண்டு. அந்தக் கண்ணாடிக்குள்ளே மெய்யாகவே பூதத்தைக் கண்டதாகச் சொன்ன பெண்கள் இருந்தார்கள் என்பதை அவர்கள் அறியார்கள்.

இத்தகைய சம்பவங்களுக்கு வைத்தியர்கள் கூட்டு மனப்பிணி என்று பெயரிடுகிறார்கள். கட்டுக்குள்ளே நெருக்குண்டு வாழும் ஒரு குழுவில் ஒருத்தியின் உடல் தளர்ந்து விழுந்தால், அதே நெருக்கத்தைச் சுமக்கிற மற்றவள், தான் அறியாமலே அதனை ஏற்றுக்கொள்கிறாள். நடிப்பென்றோ சூழ்ச்சியென்றோ சொல்வது அறியாமை. பினாங்கில் பிறந்த மானிடவியல் அறிஞர் ஐவா ஓங், கோல லங்காட் தொழிற்சாலைப் பெண்களிடையே ஆராய்ந்து 1987-ல் வெளியிட்ட நூலில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: கம்பம் என்கிற கிராமத்தை விட்டு வந்து, மணியடித்தால் எழுந்து மணியடித்தால் அமரும் வாழ்வுக்குள் புகுந்த இளம்பெண்கள், வாய் திறந்து சொல்ல இயலாத மறுப்பைப் பேயின் வாயிலாகச் சொன்னார்கள் என்பது அவர் கருத்து.

இதைப் படித்தபோது எனக்குத் தோட்டத்துத் திருவிழா நினைவுக்கு வந்தது. விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது தலைநிமிராத பெண், வெட்டு சரியில்லையென்று கங்காணி வைதபோதெல்லாம் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண், முனியாண்டி சந்நிதியில் உடுக்கை முழங்கி அருள் வந்துவிட்டால், அதே கங்காணியைப் பேர்சொல்லி அழைத்து, 'என் பிள்ளைகளை என்ன செய்தாய்?' என்று கேட்பாள். கங்காணி தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகூப்பி, விபூதிக்காகக் குனிவார். ஆண்டு முழுவதிலும் அவர் அவளுக்குப் பதில் சொன்ன நாள் அது ஒன்றுதான். மறுநாள் பெரட்டில் மறுபடியும் அவள் தலை குனிந்திருக்கும். சாமி வந்தது மெய்யா பொய்யா என்று அன்று நாங்கள் சிறுவர்கள் வாதாடினோம். அவள் கேட்ட கேள்வி நியாயமானதா என்று ஒருவனும் வாதாடவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் மனப்பிணி என்று ஒதுக்கிவிடும் விஞ்ஞானச் சோம்பலும் ஒரு மூடநம்பிக்கையே. 2011 ஆகஸ்டில் இலங்கையிலே, மேனியெல்லாம் கிறீஸ் பூசிய உருவங்கள் இரவில் பெண்களைத் தாக்குகின்றன என்ற பீதி, மட்டக்களப்பு முதல் யாழ்ப்பாணம் வரை பரவியது. கிறீஸ் பூதம் என்றார்கள். நமக்கு அது புதிதன்று. ஓராங் மிஞ்ஞாக் என்கிற எண்ணெய் மனிதனை 1958-லேயே பி. ரம்லீ திரையில் காட்டிவிட்டார். ஆனால் அங்கே யுத்தம் முடிந்து இரண்டே ஆண்டுகள். வீட்டுக்கு வீடு துக்கம். தெருவுக்குத் தெரு சிப்பாய்கள். துரத்தப்பட்ட உருவங்கள் முகாம்களுக்குள் ஓடி மறைந்தன என்று ஜனங்கள் முறையிட்டார்கள். யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் அப்படி முறையிட்ட ஊரார் நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள், அடிபட்டார்கள். அவர்கள் கண்டவற்றில் எத்தனை நிழல், எத்தனை மனிதன் என்பதை விசாரித்துச் சொல்லவேண்டிய பொறுப்புடையவர்களே விசாரிக்கப்பட வேண்டியவர்களாக இருந்தபோது, பூதம் என்ற பெயரே அந்த ஊருக்கு எஞ்சியது.

நம் நாட்டுக்கே திரும்பினால், 2016-ல் கிளந்தானில் ஒரு பள்ளிக்கூடத்து மாணவிகள் கூட்டமாக அலறியபோதும், பள்ளியை மூடினார்கள். ஓதுவிக்க ஆள் அழைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள், எவரிடம் மனம்விட்டுப் பேசுகிறார்கள் என்று கேட்டவர் உண்டா என்பதை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த அவையில் ஆசிரியப் பெருமக்கள் பலர் இருக்கிறீர்கள்; உங்கள் வகுப்பில் நாளை ஒரு பெண் அலறி விழுந்தால், மந்திரிப்பவரைத் தேடி ஆளனுப்புமுன் அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

தகரக் கூரையின்மேல் சத்தம் கேட்கிறது, மழை இறங்கிவிட்டது. ஏழு மணிக்கென்று பந்தயம் கட்டியவர் எவரோ, அவர் வென்றார்.