பிள்ளைங்களுக்கும் ஒரு நோட்டு



நம்ம குழுவில் கடன் கொடுத்தா எதுக்கு, எத்தனை தவணைன்னு கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதுறோம். பிள்ளைங்ககிட்ட மட்டும் "நல்லா படி"ன்னு சொல்லி விட்டுடுறோம். நல்லான்னா எவ்வளவுன்னு அதுங்களுக்கு எப்படித் தெரியும்?

என் பொண்ணு ஒன்பதாவது. கணக்குன்னாலே அழுவா. முதல் மார்க் வேணாம்மா, இந்த வாரம் பின்னம், அடுத்த வாரம் சதவீதம்னு நீயே எழுதுன்னேன். முடிச்சதை அவளே டிக் அடிப்பா.

மனசு சரியில்லன்னா படிப்பு ஏறாது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் வீட்டுக்குள்ளேயே வந்துச்சு. 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அமோனியா கசிஞ்சு ஜனங்க ஓடினாங்க. அதுக்கப்புறம் லேசா வாடை வந்தாலும் இவ எழுந்து உட்காருவா. அதனால நோட்டில் இன்னொரு பக்கம்: இன்னைக்கு எதுக்குப் பயந்தேன், யார்கிட்ட சொன்னேன். ரொம்ப நாள் காலியாத்தான் கிடந்துச்சு. பையன்களையும் எழுத வைங்க, அவங்க வாயே திறக்க மாட்டாங்க. நம்மளால முடியலன்னா அரசோட 14417க்குப் போன் போடலாம். படிப்பு, மனசு ரெண்டுக்கும் ஆலோசனை சொல்றாங்க.

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5இல் நம்ம வடசென்னை பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்குச்சு. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படிச்ச பொண்ணு கல்லூரி போனா மாசம் 1,000 ரூபாய். நான் பத்தாவதோட நின்னவ. அவ நோட்டு முதல் பக்கத்தில் அந்தக் கல்லூரிப் பேரை எழுதியிருக்கா.

அடுத்த கூட்டத்துக்குப் பாஸ்புக்கோட பிள்ளைங்க நோட்டையும் எடுத்துட்டு வாங்க.