‘ஷேக்’ என்னும் ஓர் ஆங்கிலச் சொல்

மருந்துப் போத்தல்களின் மேல் ஒட்டப்படும் சிறு தாளிலே நெடுங்காலமாக ஓர் ஆங்கிலக் கட்டளை காணப்பட்டு வருகின்றது. அருந்துமுன் நன்றாகக் குலுக்குக என்பது அதன் பொருள். அக்கட்டளையில் வரும் வினைச்சொல் ‘ஷேக்’ என்பதாகும். பாலும் ஐஸ்கிறீமும் கலந்து நுரைக்க அடித்துத் தரும் பானத்தின் பெயரிலும் இச்சொல்லே உண்டு. அரபு நாட்டுத் தலைவரைக் குறிக்கும் ஷேக் வேறு. அதற்கும் இதற்கும் உறவில்லை. பள்ளிக்கூட அகராதியைப் புரட்டும் மாணவன் இதற்கு நேரே ‘ஆட்டு, குலுக்கு’ என இரண்டு பொருள்களைக் கண்டு மனம் நிறைவான். அந்த மனநிறைவு அவனை எவ்வளவு தூரம் வழிதவறச் செய்யும் என்பதே இப்பேச்சின் பொருள்.

அசைவைக் குறிக்கத் தமிழிலே சொற்கள் பலவுண்டு. போத்தலைக் குலுக்குவர், காய் விழும்படி மாமரத்தை உலுப்புவர், ஈரத்துணியை உதறுவர். குளிரில் உடல் நடுங்கும்; பாரவண்டி சென்றால் பாலம் அதிரும்; துயரத்தில் குரல் தழுதழுக்கும்; எதிர்பாராத செய்தி கேட்டு மனவுறுதி ஆட்டங்காணும். எது அசைகின்றது, எத்துணை விசையோடு அசைகின்றது, தானே அசைகின்றதா, பிறர் அசைக்க அசைகின்றதா என்பவற்றைத் தமிழ்ச் சொல்லே சொல்லிவிடும். குலுங்குவதும் குலுக்குவதும் ஒன்றல்லவே! ஆங்கிலேயரிடம் வேறு சொற்கள் இல்லை என்பதன்று. நடுக்கத்துக்கும் சிலிர்ப்புக்கும் தனித்தனிச் சொற்கள் அவர்களிடமும் உள. ஆயினும் மேலே கூறிய அனைத்துக்கும் ‘ஷேக்’ என்ற ஒன்றையே ஆளினும் பிழையாகாது. ஆகவே அதனைத் தமிழாக்குபவர் சொல்லைப் பார்த்து எழுத இயலாது. காட்சியைப் பார்த்தே எழுதவேண்டும்.

இச்சொல் மிகப் பழையது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆங்கிலத்தில் அசைத்தல் என்னும் பொருளோடு, விரைந்து செல்லுதல், நீங்கிப்போதல் என்னும் பொருள்களும் இதற்கு இருந்தன. பேயோவுல்ஃப் என்னும் பழங்காவியத்தில் குளிர்காலம் கழிந்துபோவதும், உடலைவிட்டு உயிர் நீங்குவதும் இவ்வினையாலேயே சொல்லப்பட்டிருக்கின்றன. அந்தப் பொருள் பின்னர் வழக்கொழிந்தது. அசைவு மாத்திரம் எஞ்சி நின்றது.

அசைவுகளுள் மிகவும் இடர் விளைப்பது தலையின் அசைவே. ஆங்கிலத்தில் ஒருவர் தலையை ‘ஷேக்’ செய்தார் என்றால், இடமும் வலமுமாகத் திருப்பி மறுத்தார் என்பது பொருள். சிலவிடத்து இரக்கத்தையோ நம்பாமையையோ அது காட்டும். இசைவைத் தெரிவிக்கும் மேல்கீழ் அசைவுக்கு ஆங்கிலத்தில் வேறொரு சொல் உண்டு. தமிழிலோ ‘தலையாட்டினான்’ என்றால் உடன்பட்டான் என்றே கொள்வர். எதற்கும் ஆமென்பவனைத் தலையாட்டி என்று எள்ளுவதும், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை அவனுக்கு உவமையாக்குவதும் நேயர்கள் அறிந்தவையே. ஆங்கிலக் கதையொன்றில் மணப்பெண் தலையை ‘ஷேக்’ செய்தாள் என்றிருக்க, அதனை ‘தலையாட்டினாள்’ என்று ஒருவர் பெயர்த்துவிட்டால், மறுத்தவள் மணத்துக்கு உடன்பட்டவளாகிவிடுவாள். கதையின் மிகுதி முழுவதும் வாசகனுக்குப் புதிராகவே இருக்கும்.

கதையில் நேரும் பிழை சிரிப்போடு போகும். நீதிமன்றத்தில் அவ்வாறன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கை நீதிமன்றங்களின் அலுவல்கள் ஆங்கிலத்தில் நடைபெற்றன. சாட்சி தன் மொழியிற் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்திற் சொல்ல, அதுவே ஏட்டில் ஏறிற்று. உறுதியொன்றைக் காட்டி, “இந்தக் கையெழுத்து உன்னுடையதா?” என்று கேட்கப்பட்ட ஒரு கிராமத்துச் சாட்சியை எண்ணிப் பார்க்கலாம். அவன் வாய் திறவாது, தோளை நோக்கித் தலையை இருபுறமும் மெல்லச் சாய்த்து அசைக்கின்றான். இந்நாட்டார் எவர்க்கும் அது ‘ஓம்’ என்பதே. மேல்நாட்டிலிருந்து வந்த நீதிபதியின் கண்ணுக்கோ அது மறுப்பாகவே தோன்றக்கூடும். சாட்சி தலையை ‘ஷேக்’ செய்தான் என்று மொழிபெயர்ப்பாளரும் கூறிவிடுவாராயின், அக்கையெழுத்தை அவன் மறுத்ததாகவே ஏட்டில் நிற்கும். மேன்முறையீட்டில் அந்த ஏட்டைப் படிப்பவர்க்குச் சாட்சியின் தலை தெரியாது. சொல் மாத்திரமே தெரியும். காணி ஒன்று கைமாறிப்போக அவ்வளவு போதும். “வாயாற் சொல்” என்று விழிப்புள்ள நீதிபதிகள் சாட்சிகளை வற்புறுத்துவது வெறும் கண்டிப்பன்று. பல்கேரியரும் ஆமென்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் அசைத்து, இல்லையென்பதற்கு மேல்கீழாக அசைப்பவர்கள். ஆகையால் இவ்விடர் கீழ்நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று.

மரக்காலைக்குச் சென்றால் இச்சொல் அசைவையே கைவிட்டுவிடுகின்றது. அங்கே ‘ஷேக்’ என்பது மரத்தின் உள்ளே ஓடும் வெடிப்பு. அது நடுவயிரத்திலிருந்து வெளிநோக்கிப் பிளப்பதும் உண்டு. ஆண்டு வளையங்களுக்கு இடையே பிரிந்து வளைவாக ஓடுவதும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இது புலப்படாது. முழுமரத்தை நல்ல விலை கொடுத்து வாங்கி அரிந்தபின், பலகை இரண்டாய்க் கழன்று விழும்போதுதான் வாங்கியவர் அறிவார். விலைச்சீட்டில் இச்சொல்லைக் கண்டு, மரம் வண்டியிலே ஆடும் என்று பொருள் கொண்டால் நட்டம் அவருக்கே. இன்னுமொரு வேடிக்கை: வட அமெரிக்காவில், சீடார் போன்ற மரத்தை நார்வழியே பிளந்து கூரை வேய்வதற்கு எடுக்கும் தகட்டுப் பலகைக்கும் இதுவே பெயர். ஒரே மரத்தொழிலில் ஒருவருக்குக் குறையாகிய சொல் மற்றொருவருக்குச் சரக்காகின்றது.

இசையில், அடுத்தடுத்த இரு சுரங்களை மாறிமாறி விரைவாக ஒலிப்பதை ஆங்கில இசையாளர் முன்னாளில் ‘ஷேக்’ என்றனர். கர்நாடக இசையிற் கம்பிதம் என்னும் கமகமும் நடுக்கம் என்னும் பொருளுடைய சொல்லாலேயே பெயர் பெற்றது. எனினும் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் தவறு. தரையில் வைக்கோலை உதறிப் பரப்பிய படுக்கைக்கு இச்சொல்லோடு ‘டவுன்’ சேர்ந்த பெயர் வழங்கிற்று. அதே தொடர் இன்று புதுக் கப்பலின் வெள்ளோட்டத்தையும், ஒருவரை மிரட்டிப் பணம் பறித்தலையும் குறிக்கின்றது.

சொல் பெயராகவும் மாறியதுண்டு. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர்ப் பகுதியில் தோன்றிய ஒரு கிறித்தவக் குழுவினர், வழிபாட்டில் உடல் நடுங்கி ஆடியமையால் ‘ஷேக்கர்’ எனப்பட்டனர். பிறர் இட்ட இப்பெயர் நிலைத்துவிட்டது. ஆன் லீ என்னும் பெண்மணியின் தலைமையில் 1774இல் அவர்களுட் சிலர் அமெரிக்கா சென்று குடியேறினர். மணவாழ்வைத் துறந்து, உழைப்பையே வழிபாடாகக் கொண்ட அவர்களின் நாற்காலிகளும் மேசைகளும் சிறிதும் ஆடாத உறுதிக்குப் பேர்போனவை. இன்று மேய்ன் மாநிலத்தில் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர்.

நோயின் பெயராக இச்சொல் வரும்போது சிரிப்புக்கு இடமில்லை. 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் இலண்டன் மருத்துவர் நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அந்நோய் இன்று அவர் பெயராலேயே அறியப்படுகின்றது. அமெரிக்காவின் கனெக்டிக்கட் மாநிலத்திலுள்ள டான்பரி நகரம் தொப்பித் தொழிலாற் சிறந்தது. விலங்கின் உரோமத்தை இறுக்கித் தொப்பிக்குரிய தடித்த துணியாக்குவதற்கு அங்கே பாதரச உப்பைப் பயன்படுத்தினர். அதன் ஆவியை நாள்தோறும் உட்கொண்ட தொழிலாளரின் கைகள் முதலில் நடுங்கின; பின்னர் முகமும் கால்களும் நடுங்கின; குணமும் மாறிற்று. ஊரார் அதனை ‘டான்பரி ஷேக்ஸ்’ என்றனர். ஊர்ப்பெயரைச் சேர்த்து அழைத்தமையால் அது அவ்வூரின் இயல்புபோல ஆகிவிட்டது. நஞ்சின் பெயர் மறைந்துபோயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் தொப்பித் தொழிலிற் பாதரசம் தடைசெய்யப்பட்டது 1941இலேதான்.

இனி, வழக்கொழிந்த விரைவுப் பொருள் வேறொரு வழியாக மீண்ட கதை. ஒரு செயலை நொடிப்பொழுதிற் செய்து முடிப்பேன் என்பதற்கு ஆங்கிலேய நாட்டுப்புறத்தார், ஆட்டுக்குட்டியின் வால் இரண்டு முறை ஆடும் நேரத்தில் முடிப்பேன் என்பர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் அணுகுண்டு ஆக்கிய விஞ்ஞானிகளுக்கு மிகச் சிறியதொரு கால அளவு வேண்டியிருந்தது. அவர்கள் அந்தப் பேச்சுவழக்கை நினைந்து, ஒரு செக்கனின் பத்துக் கோடியில் ஒரு பங்குக்கு ‘ஷேக்’ என்று பெயரிட்டனர். ஆட்டுக்குட்டியின் வால் ஒருமுறை ஆட ஒரு செக்கனின் பத்திலொரு பங்கு செல்லுமாயின், அதற்குள் இத்தகைய ‘ஷேக்’ ஒரு கோடி அடங்கும்.

விளையாட்டாக இட்ட அப்பெயர் பயன்பட்ட இடம் விளையாட்டானதன்று. யுரேனிய அணு ஒன்று பிளந்து, அதிலிருந்து வெளிப்படும் நியூத்திரன்கள் அடுத்த அணுக்களைப் பிளப்பதற்கு ஏறத்தாழ ஒரு ‘ஷேக்’ ஆகும். ஒன்று இரண்டாகவும், இரண்டு நான்காகவும் பெருகுமெனக் கொண்டால், ஒரு கிலோ யுரேனியம் பிளவுபடுவதற்குச் சுமார் 80 தலைமுறை போதும். செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குகூட அதற்கு ஆகாது. வெளிப்படும் சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு கடைசி ஏழு ‘ஷேக்’ நேரத்திலேயே வெளிப்படுகின்றது. 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவின் மேல் வெடித்த குண்டில் சுமார் 64 கிலோ யுரேனியம் இருந்தது. அதிற் பிளவுண்டது ஒரு கிலோவுக்கும் குறைவே.